சாப்பிடாமல் வந்தவர்களுக்கு முதல் இடம்

சர்க்கரை நோய் கிளினிக்கில் அப்பாயிண்ட்மென்ட் கொடுப்பது, ஒரு மணியைச் சொல்லிப் போனை வைத்துவிடுகிற வேலை இல்லை. டாக்டரைப் பார்ப்பதற்கு முன் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு தடவை ரத்தம் எடுக்க வேண்டும். முதலாவது வெறும் வயிற்றில். அதற்கு முன் எட்டு மணி நேரமாவது எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது, தண்ணீர் குடிக்கலாம். பிறகு டிபன். முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் ரத்தம். பதினோரு மணிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டியவர் எட்டு மணிக்கே லேப் வாசலில் இருந்தாக வேண்டும்.

கும்பகோணத்தில் அப்படி ஒரு கிளினிக்கின் ரிசப்ஷனில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். வலங்கைமான், திருப்பனந்தாள், நாச்சியார்கோவில் பக்கத்துக் கிராமங்களிலிருந்து நிறையப் பேர் வருவார்கள். போனை எடுத்ததும் நான் முதலில் கேட்பது, "எந்த பஸ்ல வருவீங்கம்மா?" என்றுதான். 2021-ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகு, முன்னால் வந்த பிரைவேட் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்த அம்மாக்கள் பலர் டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்து வருகிறார்கள். மாத்திரை வாங்கவே காசை எண்ணுகிறவர்களிடம் "அதுக்கு முந்தின பஸ்ஸைப் பிடிங்க" என்று சொல்ல எனக்கு மனசு வராது. பஸ் வரும் நேரத்தைப் பார்த்துத்தான் நோட்டில் பெயர் எழுதுகிறேன்.

வந்த வரிசைப்படி டோக்கன் கொடுப்பதுதான் நியாயம் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அடுத்த தெருவில் வீடு இருப்பவர் ஆறரைக்கே வந்து முதல் டோக்கனை வாங்கிவிடுவார். முதல் நாள் ராத்திரி ஏழு மணிக்குச் சாப்பிட்டுப் படுத்து, இருட்டோடு எழுந்து பஸ் பிடித்து வரும் பாட்டிக்குக் கடைசி டோக்கன்தான் மிஞ்சும். இன்சுலின் போடுகிறவர் நெடுநேரம் பட்டினி இருந்தால் ஆபத்து. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் வேர்க்கும், கை நடுங்கும், இன்னும் இறங்கினால் பேச்சு குழறும், மயக்கமே வரலாம். டாக்டரிடம் பேசி, ரத்தம் எடுக்கிற வரிசையையும் டாக்டரைப் பார்க்கிற வரிசையையும் பிரித்துவிட்டோம். ரத்தம் எடுக்க வயதானவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள், கர்ப்பிணிகள் முதலில். டாக்டரைப் பார்ப்பது டோக்கன்படி. ஆரம்பத்தில் சத்தம் வந்தது. "நான் ஆறரைக்கே வந்தேன்ல?" என்பார் ஒருவர். "ஆமாண்ணே, நீங்க டாக்டரைப் பாக்குறது உங்க நம்பர்லதான். இந்தப் பாட்டி நேத்து ராத்திரி ஏழு மணிக்குச் சாப்பிட்டவங்க" என்பேன். பெரும்பாலும் அதோடு சரி. காரணம் சொன்னால் ஜனங்கள் விட்டுக்கொடுக்கிறார்கள், சொல்லாவிட்டால்தான் கோபம்.

மூன்று மாதச் சர்க்கரை டெஸ்டுக்கு மட்டும் வருகிறவர்கள் பட்டினி கிடக்கத் தேவையில்லை. சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்வதால் அந்த டெஸ்ட் கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரியைக் காட்டுகிறது. காலையில் சாப்பிட்ட இட்லியால் அது மாறாது. போனிலேயே இதைச் சொல்லி அவர்களை மத்தியானத்துக்கு எழுதிவிடுவேன்.

முகூர்த்த நாளில் பாதிப் பேர் வரமாட்டார்கள், மறுநாள் சேர்ந்து வருவார்கள். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வந்து குறுவை நடவு தொடங்கினால், கூலியை விட்டுவிட்டுக் காலையில் வரப் பெண்களால் முடியாது. "ஒரு நாள் கூலி போயிடும் பாப்பா" என்று சொல்கிறவரிடம் தேதியைப் பற்றி வாதாடவே கூடாது. அவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை காலையில் ரத்தம் மட்டும் எடுக்க ஏற்பாடு செய்திருக்கிறோம்.

ரம்ஜானுக்குத்தான் அதிக முன்யோசனை வேண்டும். நோன்பு வைக்க விரும்பும் சர்க்கரை நோயாளிகள் ஆறு முதல் எட்டு வாரம் முன்பே டாக்டரைப் பார்ப்பது நல்லது. சஹருக்கும் (விடியலுக்கு முன் சாப்பிடுவது) இஃப்தாருக்கும் (சாயங்காலம் நோன்பு திறப்பது) தகுந்தபடி மாத்திரை, இன்சுலின் அளவை மாற்றவும், மாற்றியது ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கவும், நோன்பு வைக்கலாமா என்பதையே முடிவு செய்யவும் அந்த அவகாசம் வேண்டும். பிறை தெரிவதற்கு முந்தின வாரம் வந்தால் டாக்டருக்கும் கையைக் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும். ரம்ஜான் வருஷத்துக்கு வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னால் வருவதால் பழைய நோட்டைப் பார்த்துத் தேதி போட முடியாது. அதனால் இரண்டு மாதம் முன்பே பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு, அவர்கள் கூப்பிடும் வரை காத்திராமல் நானே ஒவ்வொருவருக்கும் போன் செய்கிறேன்.