சனிக்கிழமை காலையில் குபா

மதீனாவில் தங்கும் நாட்களில் ஒரு சனிக்கிழமை அமைந்தால் அதை விட்டுவிடாதீர்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சனிக்கிழமைதோறும் நடந்தோ வாகனத்திலோ மதீனாவின் ஓரத்தில் உள்ள குபா பள்ளிவாசலுக்கு வருவார்கள் என்று நபித்தோழர் இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் (நபிமொழி) புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது.

நாங்களும் ஒரு சனிக்கிழமை போனோம். நபிகளாரின் பள்ளிவாசலான மஸ்ஜிதுந் நபவியில் சுபுஹு (அதிகாலைத் தொழுகை) தொழுதுவிட்டு அறைக்குத் திரும்பி, புதிதாக ஒளு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவும் தூய்மை) செய்துகொண்டு கிளம்பினோம். தம் வீட்டில் தூய்மை செய்துகொண்டு குபாவுக்கு வந்து தொழுபவருக்கு ஓர் உம்ராவின் (மக்காவில் நிறைவேற்றும் சிறு புனித யாத்திரை) நன்மை உண்டு என்பது நபிமொழி. ஆக, குபாவின் வணக்கம் தங்கியிருக்கும் அறையின் குழாயடியிலேயே தொடங்கிவிடுகிறது. இரண்டு பள்ளிகளுக்கும் நடுவே 3 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் தூரம். நடப்பவர்களுக்கென்றே பாதை போட்டிருக்கிறார்கள். முடியாதவர்களுக்கு பேட்டரி வண்டிகள் ஓடுகின்றன. வழியெல்லாம் ஸலவாத் (நபியின் மீதான வாழ்த்து) ஓதிக்கொண்டே நடந்ததில் தூரமே தெரியவில்லை.

நடக்கும்போது மனம் 622ஆம் ஆண்டுக்குப் போய்விட்டது. மக்காவிலிருந்து மதீனாவுக்கு நபிகளார் புறப்பட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட மதீனா முஸ்லிம்கள், தினமும் காலையில் ஊருக்கு வெளியே கரும்பாறை நிலத்தில் வந்து காத்திருப்பார்கள். உச்சி வெயில் விரட்டினால்தான் வீடு திரும்புவார்கள். ஒருநாள் அப்படித் திரும்பிய பிறகு, கோட்டை ஒன்றின் மேலிருந்த யூதர் ஒருவர், தொலைவில் வெள்ளை உடையில் வருபவர்களைக் கண்டு, நீங்கள் எதிர்பார்த்தவர் இதோ வருகிறார் என்று கத்தினார். எல்லோரும் ஓடிவந்தார்கள். நபிகளார் பேசாமல் அமர்ந்திருக்க, உடன் வந்த தோழர் அபூபக்கர் (ரலி) நின்றுகொண்டிருந்தார்கள். அதுவரை நபியைப் பார்த்திராதவர்கள் அபூபக்கருக்கு ஸலாம் சொன்னார்கள். வெயில் நபிகளார் மேல் பட்டதும் அபூபக்கர் தம் மேலாடையால் நிழல் பிடித்தார்கள். அப்போதுதான் நபி யாரென்று அவர்களுக்குத் தெரிந்தது.

குபாவில் வாழ்ந்த பனூ அம்ர் இப்னு அவ்ஃப் குலத்தாரிடம் தங்கியிருந்த அந்த நாட்களில்தான் இந்தப் பள்ளிக்கு அடித்தளம் போடப்பட்டது. நபிகளார் பிறகு மதீனாவில் குடியேறினார்கள், அங்கே தமக்கென்று ஒரு பள்ளி எழுந்தது, பொறுப்புகள் பெருகின. அதற்கப்புறமும் முதலில் வரவேற்ற மக்களிடம் வாரம் தவறாமல் வந்தார்கள். குபாவின் சிறப்புகளில் என் நெஞ்சை அதிகம் தொடுவது இதுதான்.

முதல் நாளிலிருந்தே இறையச்சத்தின் மீது அமைக்கப்பட்ட பள்ளி, தூய்மையை விரும்பும் மனிதர்கள் அதில் இருக்கிறார்கள் என்று குர்ஆன் (9:108) சொல்வது குபாவைத்தான் என்பது பல விரிவுரையாளர்களின் கருத்து. மஸ்ஜிதுந் நபவியைக் குறிக்கும் என்ற ஹதீஸும் உண்டு. கிப்லா (தொழும்போது நோக்கும் திசை) மக்காவின் கஅபாவுக்கு மாறிய செய்தி வந்தபோது இங்குள்ளவர்கள் சுபுஹுத் தொழுகையில் இருந்தார்கள். ஷாம் (ஜெரூசலம் இருக்கும் சிரியாப் பகுதி) திசையை நோக்கி நின்றவர்கள், தொழுகையை முறிக்காமல் அப்படியே கஅபாவின் பக்கம் திரும்பிவிட்டார்கள். கேட்ட நொடியில் கீழ்ப்படிந்த அந்த ஈமானை (இறைநம்பிக்கை) நினைத்துக்கொண்டே இரண்டு ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) தொழுதேன். ஸஜ்தாவிலிருந்து (நெற்றி தரையில் படப் பணிதல்) எழ மனம் வரவில்லை.

இப்போது பார்க்கும் வெண்ணிறக் கட்டடம் பழையதல்ல. மன்னர் ஃபஹ்து காலத்தில், 1980களில், எகிப்தியக் கட்டடக் கலைஞர் அப்துல் வாஹித் அல்வக்கீலின் வடிவமைப்பில் எழுந்தது. நான்கு மினாராக்கள், நடுவில் திறந்த முற்றம். 66,000 பேர் தொழும் அளவுக்கு விரிவாக்கும் திட்டத்தை 2022இல் அறிவித்திருக்கிறார்கள்.

குழுவாகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜியாரத் (புனித இடங்களைச் சுற்றிக் காட்டும்) பேருந்தில் போனால் பெரும்பாலும் அவசரமாகத் தொழுதுவிட்டு ஓட வேண்டியிருக்கும். முடிந்தால் இன்னொரு நாள் தனியாக நடந்து போங்கள். குபாவுக்குப் பக்கத்திலேயே மஸ்ஜிதுல் ஜுமுஆவும் இருக்கிறது. மதீனா நோக்கிப் புறப்பட்ட வெள்ளியன்று, பனூ ஸாலிம் குலத்தார் வாழ்ந்த அந்த இடத்தில் நபிகளார் ஜுமுஆ (வெள்ளிக்கிழமை கூட்டுத் தொழுகை) தொழவைத்தார்கள். திரும்பும் வழியில் அங்கேயும் ஏறிவிட்டு வாருங்கள்.