மலைச்சரிவில் இரண்டு பேர் குறைவு

ஜப்பானின் வகயாமா கடலோரத்தில் கீஷூ தோஷோகூ கோயிலுக்கு ஏறும் கல் படிகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். சரியாக 108. பௌத்தத்தில் மனிதனுக்குள்ள ஆசாபாசங்கள் 108 என்று ஒரு கணக்கு உண்டு. நமக்கும் பழகிய எண்தானே, எண்ணும்போதே மனசு அடங்கிவிட்டது. மேலே செந்நிற வாயில். திரும்பினால் வகானோஉரா விரிகுடா.

1621இல் இதைக் கட்டியவர் டோக்குகாவா யோரினோபு. ஜப்பானை ஆண்ட ஷோகுன் இயேயாசுவின் பத்தாவது மகன். ஆட்சி மூத்த வழிக்குப் போனது. ஒன்பதாவது, பத்தாவது, பதினோராவது மகன்களிடமிருந்து ஓவாரி, கீஷூ, மிட்டோ என்று மூன்று கிளைகள் பிரிந்தன. மூத்த வழியில் வாரிசு அற்றுப்போனால் கைகொடுக்க வேண்டிய வீடுகள் இவை. 1619இல் கீஷூவுக்கு, அதாவது இந்த வகயாமாப் பகுதிக்கு, பிரபுவாக வந்த யோரினோபு, இரண்டே ஆண்டில் அப்பாவுக்குக் கோயில் எழுப்பிவிட்டார். இயேயாசுவுக்கு இங்கே தெய்வப் பெயர் தோஷோ தைகொங்கென். 'கொங்கென்' என்றால் அவதாரம். பின்னாளில் யோரினோபுவையும் அப்பாவோடு இதே கோயிலில் தெய்வமாக எழுந்தருளச் செய்திருக்கிறார்கள். அது தெரிந்த பிறகு கூப்பிய கையை இறக்க மனம் வரவில்லை.

அப்புறம் தெற்கே போகும் ரயிலில் ஏறி ஷிமோட்சுவில் இறங்கினேன். மிக்கான் எனும் ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நடுவே நடந்தால் சோஹோஜி என்ற பௌத்தக் கோயில். 1000ஆம் ஆண்டில் தொடங்கியது என்பார்கள். இப்போதுள்ள மூலக்கோயில் 1311ஆம் ஆண்டுக் கட்டுமானம். பளபளப்பு எதுவும் கிடையாது, வெயிலிலும் மழையிலும் சாம்பல் நிறம் ஏறிய மரம். உள்ளே அரையிருட்டில் ஊதுவத்தி மணம். நான் பார்த்த பெரிய கோயில்கள் எதிலும் இப்படி ஓர் அமைதி கிடைத்ததில்லை.

1666இல் யோரினோபு இதைத் தன் குலக்கோயிலாக ஏற்றார். 1671இல் காலமானதும் பின்னாலுள்ள மலைச்சரிவில் அவரை அடக்கம் செய்தார்கள். அவர் வழிவந்த கீஷூ பிரபுக்களும் அங்கேதான் இருக்கிறார்கள். பாசி படிந்த படிகள், கல் விளக்குகள், கல் வேலிக்குள் ஒவ்வொரு கல்லறை. இருவர் மட்டும் இல்லை. ஐந்தாம் பிரபு யோஷிமுனே 1716இல் எட்டாவது ஷோகுன் ஆனார். பதின்மூன்றாம் பிரபுவாக இருந்த இயேமோச்சி 1858இல், பன்னிரண்டு வயதில், பதினான்காவது ஷோகுன் ஆனார். இருபது வயதில் ஒசாகா கோட்டையில் உயிர் போனது. இருவருக்கும் எடோவில், இன்றைய டோக்கியோவில், ஷோகுன்களின் வரிசையில்தான் இடம் கிடைத்தது. நாட்டின் உச்சப் பதவிக்குப் போனவர்கள் பிறந்த வீட்டு மண்ணுக்குத் திரும்பவே இல்லை. இயேமோச்சியை நினைத்தால்தான் எனக்கு இன்னும் நெஞ்சு கனக்கிறது, சின்னப் பிள்ளை.

யோரினோபுவின் கல்லறைக்கு முன் வெகுநேரம் நின்றேன். இல்லாத அந்த இருவர் பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கும்பிட்டுவிட்டுத்தான் கீழே இறங்கினேன்.