எந்தச் சராசரி?

உன்னிச்சைக் குளத்து வாய்க்காலில் இன்று வைக்கோல் துண்டுகள் மிதந்து வந்தன. நடுவில் வந்தவை சட்டென்று மதகைத் தாண்டிவிட்டன. கரையோரப் புல்லை உரசிக்கொண்டு ஒன்று மட்டும் நின்று நின்று நகர்ந்தது.

அந்த ஒன்றைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணினியில் நீரோட்டத்தை மாதிரியாக்கும்போது, வாய்க்காலின் குறுக்கே வரும் எண்களுக்கு ஒரு சராசரி எடுப்போம். எந்தச் சராசரி என்று கேட்பவர்கள் குறைவு.

சரி, ஒரு கணக்கு. வாய்க்காலைச் சம பரப்புள்ள இரண்டு பகுதிகளாக வைப்போம். தண்ணீரில் உரம் கரைந்து வருகிறது என்போம். நடுவில் வேகம் 3, உரச்செறிவு (ஒரே அளவு தண்ணீரில் உள்ள உரம்) 10. கரையோரம் வேகம் 1, செறிவு 30.

பரப்பால் சராசரி எடுத்தால் 20. வயலுக்குள் விழும் தண்ணீரை வாளியில் பிடித்துக் கலக்கினால் (3×10 + 1×30) ÷ 4, அதாவது 15தான். வேகமாக ஓடும் பகுதிதானே அதிகத் தண்ணீரைக் கொண்டுவருகிறது!

வாய்க்காலில் எவ்வளவு உரம் இருக்கிறது என்று கேட்டால் முதலாவது சரி. வயலுக்கு எவ்வளவு போகிறது என்றால் இரண்டாவது. மாதிரியில் வாய்க்காலைச் சிறு கட்டங்களாகப் பிரிப்போம்; கரையோரம் அவற்றை நெருக்கமாகப் போட்டுவிட்டு, அவற்றின் அகலத்தைப் பார்க்காமல் கூட்டி வகுத்தால் இரண்டுமே கிடைக்காது.

குழாய்க்குள் நடுவும் சுவரோரமும் வேறு வேறு வேகத்தில் ஓடுவதால் சாயம் நீளவாக்கில் பரவுவதை 1953இல் பிரித்தானிய அறிவியலாளர் ஜி. ஐ. டெய்லர் கணக்கிட்டுக் காட்டினார். சராசரி அந்த வேக வித்தியாசத்தை விழுங்கிவிடும். அதை ஒரு பரவல் குணகமாக, அதாவது எவ்வளவு பரவும் என்று சொல்லும் எண்ணாக, மாதிரியில் திரும்பச் சேர்க்க வேண்டும்.

மாதிரி செய்யும் தம்பி தங்கச்சிமாரே, அறிக்கையில் எந்தச் சராசரி என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.