கொப்புளம் விழுந்த கொழுந்து

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்க வந்த முதலாம் ஆண்டில், உயர்தரத்தில் தமிழில் கற்ற கலம், இழையம், வித்தி ஆகியவற்றையெல்லாம் ஆங்கிலத்தில் மறுபடியும் கற்க வேண்டியிருந்ததால், என் இரவுகள் பாடநூலைவிட அகராதியோடுதான் அதிகம் கழிந்தன. தாவர நோயியல் செய்முறை வகுப்பில் ஒரு தேயிலைக் கொழுந்து என் மேசைக்கு வந்த நாளில்தான் அந்த அந்நியம் விலகியது.

இலையின் மேற்பக்கம் வழவழவென்று வட்டமாகக் குழிந்திருந்தது. அதே இடத்தில் அடிப்பக்கம் புடைத்து, மாவு பூசியதுபோல் வெளுத்திருந்தது. சவர அலகால் மெல்லிய குறுக்குவெட்டு எடுத்து, சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, அந்த வெண்மை எக்சோபசீடியம் வெக்சன்ஸ் என்ற பங்கசு (பூஞ்சை), தான் பரவ உதவும் நுண்ணிய வித்திகளைத் தாங்கி நிற்கும் படை என்று தெரிந்தது. 1946இல் இலங்கைத் தேயிலையில் தோன்றிய கொப்புள நோய் இது. முதிர்ந்த இலையை விட்டுவிட்டு இளங்கொழுந்தையே பற்றுவதால், பறிக்கும் விளைச்சலையே நேராகத் தாக்குகிறது.

மலையகத் தமிழரான நாங்கள் இந்த மலைகளில் நிலைத்ததற்கும் ஒரு பங்கசே காரணம் என்பதை அங்கேதான் உணர்ந்தேன். 1869இல் அடையாளம் காணப்பட்ட இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழித்த பிறகே தேயிலை இங்கு பரவியது. கோப்பிப் பருவத்துக்கு வந்து திரும்பிய எம் முன்னோர், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டிய தேயிலையால் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களிலேயே தங்கிவிட்டனர்.

விடுமுறையில், கொழுந்து பறிக்கும் அம்மாவிடம் அந்த நோயுற்ற இலையின் படத்தைக் காட்டினேன். பள்ளத்தாக்கை ஒட்டிய, வெயில் தாமதமாக எட்டும் நிரைகளில்தான் கொப்புளம் அதிகம் என்று அவர் உடனே சொன்னார். இலை ஈரமாக இருக்கும் வரைதான் வித்தி முளைக்க முடியும் என்பதால், அவர் சொன்னது சோதித்துப் பார்க்கத்தக்க கருதுகோள். என் நான்காம் ஆண்டு ஆய்வுக்கு அதையே எடுத்துக்கொண்டேன்.

இப்போது வெயில் முந்தி விழும் சரிவிலும் பிந்தி விழும் சரிவிலும் நூறு நூறு கொழுந்துகளாக எண்ணி வருகிறேன். முதல் வாரம் நான் போய்ச் சேருவதற்குள் அந்த மலையில் கொழுந்து எடுத்து முடிந்துவிட்டது. எண்ணுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. அதனால் பறிப்புக்கு முந்திய நாளை அம்மாவிடம் கேட்டறிந்து, பனி காயுமுன் குறிப்பேட்டோடு அவருக்கு முன்பே ஏறிவிடுகிறேன்.