மொய் நோட்டும் ஐ.எம்.எம். 5532-உம்

சென்ற ஆண்டு ஆவணியில் வேலூரில் எங்கள் திருமணம் நடந்தது. என் மனைவி குடியாத்தத்துப் பெண்; கனடாவில் பி.ஆர். எனப்படும் நிரந்தர வசிப்புரிமை பெற்று, ஒன்ராறியோ மாகாணத்தில் செவிலியராகப் பணிபுரிகிறார். பி.ஆர். மட்டும் உள்ளவர் தம் கணவரையோ மனைவியையோ அங்கே வரவழைக்க ஸ்பான்சர் செய்ய வேண்டுமானால் கனடாவிலேயே வசித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே மறுவீட்டு விருந்துகள் முடிவதற்குள்ளாகவே அவர் விமானம் ஏறிவிட்டார். நான் சத்துவாச்சாரி வீட்டில் இருந்தபடி தாள்களைச் சேர்க்கத் தொடங்கினேன்.

ஸ்பான்சர் என்றால் ஏதோ டிக்கெட் எடுத்துக் கொடுப்பது என்றுதான் எங்கள் உறவினர்கள் நினைத்திருந்தார்கள். உண்மையில் நான் பி.ஆர். ஆகும் நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு என் உணவு, உடை, இருப்பிடம் ஆகியவற்றுக்குத் தாமே பொறுப்பு என்று என் மனைவி கனடா அரசுக்கு எழுதிக் கொடுக்கிறார். அந்தக் காலத்தில் நான் அரசின் சமூக உதவித்தொகையை வாங்கினால், அதை அவர் திருப்பிக் கட்ட வேண்டும். நடுவில் அவருக்கு வேலை போனாலும், எங்களுக்குள் மணமுறிவே ஏற்பட்டாலும், அந்தப் பொறுப்பு நீங்காது. இதை அப்பாவுக்கு விளக்கியபோது அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “தாலி கட்டினது நீ, பொறுப்புன்னு கையெழுத்துப் போடுறது அவளா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

பெயரும் ஊரும் தந்த தொல்லைதான் பெரிது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் கனடா விண்ணப்பத்தில் தம் பெயரைக் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் எழுதிவிட்டு, மற்றக் கட்டத்தை வெறுமையாக விட வேண்டும். மனைவியின் பாஸ்போர்ட்டிலோ அவருடைய அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக உள்ளது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனபோது, பள்ளிக்கூடப் பழக்கத்தில் இருவர் பெயரையும் தலைப்பெழுத்தோடு நிரப்பியது நான்தான். சான்றிதழும் அப்படியே வந்தது. பாஸ்போர்ட்டில் உள்ளவரும் சான்றிதழில் உள்ளவரும் ஒருவரே என்று பிறகு தனியே உறுதிமொழிப் பத்திரம் எழுத வேண்டியதாயிற்று.

மாவட்டக் கதை இதைவிட வேடிக்கையானது. நான் வாலாஜாபேட்டையில் 1991-இல் பிறந்தவன். பழைய வட ஆற்காடு 1989-இல் இரண்டாகப் பிரிந்தபின் பிறந்ததால் என் பிறப்புச் சான்றிதழில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று இருக்கிறது. மதிப்பெண் பட்டியலில் வேலூர் மாவட்டம். 2019-இல் வேலூரை மூன்றாகப் பிரித்தபோது வாலாஜா இராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போய்விட்டதால், அம்மா அப்பாவின் ஆதாரில் இராணிப்பேட்டை. ஊர் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது; மூன்று மாவட்டங்களில் பிறந்தவனைப் போல நான் ஒரு விளக்கக் கடிதம் எழுதி இணைத்தேன்.

போலீஸ் சான்றிதழ் சிரமமின்றிக் கிடைத்தது. மருத்துவப் பரிசோதனையைக் கனடா அரசின் பட்டியலில் உள்ள மருத்துவரிடம் மட்டுமே செய்ய வேண்டும் என்பதால், வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்தெல்லாம் மக்கள் வந்திறங்கும் காட்பாடி நிலையத்தில், நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பதற்காக நான் சென்னைக்கு ரயில் ஏறினேன்.

ஐ.எம்.எம். 5532 என்ற படிவத்தில்தான் அதிக நாள் உட்கார்ந்தேன். முதன்முதலில் எங்கே சந்தித்தீர்கள், யார் அறிமுகப்படுத்தினார்கள், திருமணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று அது கேட்கிறது. கனடாவில் குடியேறுவதற்காகச் செய்த பொய்த் திருமணம் அன்று என்பதை அதிகாரிக்கு நாம்தான் காட்ட வேண்டும். பெண் பார்த்த அன்று நாங்கள் தனியாகப் பேசியது மொட்டை மாடியில் பத்து நிமிடம். அதை மறைக்காமல் அப்படியே எழுதினேன். வந்தவர்கள் பெயரை எழுத உட்கார்ந்தபோது இருபது பேருக்கு மேல் நினைவுக்கு வரவில்லை. அம்மா பீரோவிலிருந்து மொய் நோட்டை எடுத்துக் கொடுத்தார். முதல் பக்கத்து மூலைகளில் மஞ்சள், நடுவில் பிள்ளையார் சுழி. “ஆம்பூர் பெரிய மாமா 5001”, “திமிரி அத்தை 1001, வேட்டி சேலை” என்று பக்கத்து வீட்டு அண்ணனின் சாய்ந்த கையெழுத்தில் வரிசை நீண்டது. யார் எந்த ஊர், எந்த வழியில் உறவு என்பது அந்த ஒரு நோட்டில் இருந்தது. நான் கேட்கக் கேட்க அம்மா உறவுமுறை சொன்னார்.

அழைப்பிதழைச் சித்தப்பா அழகாக ஆங்கிலத்தில் பெயர்த்துத் தந்தார். குடும்பத்தினர் செய்த மொழிபெயர்ப்பை ஏற்க மாட்டார்கள் என்பது பிறகே தெரிந்ததால், வெளியாள் ஒருவரிடம் பணம் கொடுத்து மறுபடியும் செய்தோம். சித்தப்பாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

நானும் மனைவியும் தொலைபேசியில் பேசிய அழைப்புப் பதிவுகளையும் சேர்த்தோம். மனைவிக்கு இரவுப் பணி முடியும் நேரம் எனக்கு மாலை. “சாப்பிட்டியா”, “பனி கொட்டுது”, “அம்மாவுக்கு முட்டி வலி எப்படி” என்பதற்கு மேல் அவற்றில் பெரிதாக ஒன்றும் இல்லை. முதலில் கூச்சமாக இருந்தது. ஆனால் ஒரு நாள்கூட விடாமல் ஏழு மாதமாக வரிசையாக இருந்த அந்த வெற்றுப் பேச்சைவிட, ஸ்டூடியோக்காரர் பளபளப்பாக்கிக் கொடுத்த ஆல்பம் நம்பத்தக்கதாக எனக்குத் தோன்றவில்லை.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை. மொய் நோட்டை மட்டும் அம்மா நேற்றே திருப்பி வாங்கிக்கொண்டார். அடுத்த மாதம் திமிரி அத்தை மகனுக்குக் கல்யாணம். அவர்கள் நமக்கு எவ்வளவு வைத்தார்கள் என்று பார்த்துத்தான் நாம் வைக்க வேண்டுமாம்.