சட்டத்தரணி இலஞ்சம் கேட்டால்: திருமலையிலிருந்து புதுக்கடை வரை

இலங்கையில், திருமலை (திருகோணமலை) போன்ற ஊரில், "உள்ளுக்கும் கொஞ்சம் குடுக்க வேணும்" என்று சட்டத்தரணியோ அவருடைய கிளார்க்கோ சொன்னால், அந்தக் காசு எதற்கு என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். சட்டத்தரணியின் கட்டணம் வேறு, காசுப் பிணை வேறு. காசுப் பிணை நீதிமன்றத்தில் கட்டுவது. பற்றுச்சீட்டு தருவார்கள், பிணை நிபந்தனையை மீறாவிட்டால் வழக்கு முடியத் திரும்பி வரும். சரீரப் பிணைக்குக் கையெழுத்துத்தான், காசு கட்டுவதில்லை. இதில் எதிலும் அடங்காத தொகையைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

காசு இன்னும் கைமாறவில்லை என்றால் 1954 என்ற இலக்கத்துக்கு அழைத்து இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவிடம் சொல்லுங்கள். கொடுக்க முன்னமே சொன்னால்தான் கையும் களவுமாகப் பிடிக்க வழியுண்டு. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் கொடுப்பவரும் குற்றவாளி, தெரிந்துகொண்டே பொய் முறைப்பாடு செய்பவரும் குற்றவாளி. ஏற்கெனவே கொடுத்துவிட்டவர் அதை மறைத்து எழுதினால், குறுக்கு விசாரணையில் முழு முறைப்பாடும் விழுந்துவிடும்.

நீதவானுக்கு, பொலிசுக்கு என்று சொல்லி வாங்கியது பெரும்பாலும் எங்கேயும் போயிருக்காது. அதனால் வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதியை நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்து எடுங்கள். பிணைக்குப் பொலிஸ் ஆட்சேபனை தெரிவித்ததாக அதில் இருந்தால், "பொலிசைச் சரிக்கட்டினேன்" என்ற கதை அங்கேயே ஆட்டங்காணும். அன்று அந்தச் சட்டத்தரணி தோன்றவே இல்லை என்றும் சிலவேளை தெரியவரும்.

இப்படி ஏமாற்றியிருந்தால் 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 42ஆம் பிரிவுதான் வழி. வஞ்சகம், தொழில் முறைகேடு, குற்றம் எதுவானாலும் உயர் நீதிமன்ற நீதியரசர்கள் மூவர் கூடி அவரைத் தொழிலிலிருந்து இடைநிறுத்தலாம், பெயரையே நீக்கலாம். சட்டத்தரணிகள் சங்கம் முறைப்பாட்டை விசாரிக்கும்; பெயரை நீக்கும் அதிகாரம் அதற்கில்லை. பிரதம நீதியரசருக்கு முகவரியிட்ட மனுவையும் சத்தியக் கடதாசியையும் (எழுதியது உண்மை என்று உறுதிசெய்து கையெழுத்திடும் பத்திரம்) பதிவுத் தபாலில் கொழும்பு புதுக்கடையிலுள்ள உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பி, பற்றுச்சீட்டைக் கவனமாக வையுங்கள்.

சறுக்குவது சத்தியக் கடதாசியில்தான். இந்து, முஸ்லிம் என்றால் உறுதியுரை, கிறிஸ்தவர் என்றால் சத்தியம். பழைய மாதிரியைப் பார்த்து எழுதி இதை மாற்றிப் போட்டால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். சமாதான நீதவானுக்கு முன்னாலேயே கையெழுத்திட வேண்டும். வீட்டில் இட்டுக் கொடுத்தனுப்பிய கையெழுத்து செல்லாது. கடைசியில் இடமும் திகதியும் விடுபடக் கூடாது. கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள்: எந்த நாள், எவ்வளவு, யார் கையில், எந்த வார்த்தை சொல்லி. வங்கிச் சீட்டு, வாட்ஸ்அப் செய்திகளுக்கு அடையாளமிட்டு இணையுங்கள். குரல்பதிவு இருக்கும் போனை விற்கவோ அழிக்கவோ வேண்டாம்.

திருமலை சின்ன ஊர். ஒரு சட்டத்தரணிக்கெதிராக எழுத, அவரோடு தினமும் ஒரே நீதிமன்றத்தில் நிற்கும் இன்னொருவர் தயங்குவார். அதைக் குறைசொல்லிப் பயனில்லை. வெளியூரில் எழுதுவிக்கலாம். முறைப்பாட்டைச் சட்டத்தரணிதான் எழுத வேண்டும் என்றும் இல்லை.

முறைப்பாடு போனதும் காசைத் திருப்பித் தந்து, "பிரச்சினை தீர்ந்தது" என்று கையெழுத்துக் கேட்பார்கள். காசை வாங்குவதென்றால் வங்கி மூலம் வாங்குங்கள், பொய்யான வாசகத்தில் ஒப்பமிட வேண்டாம். நீங்கள் பின்வாங்கினாலும் உயர் நீதிமன்றம் விசாரணையைத் தொடரலாம்.

இதற்கிடையில் உங்கள் சொந்த வழக்கு நிற்காது. சிவில் வழக்கென்றால் பழைய பிறொக்சியை (உங்களுக்காகத் தோன்றச் சட்டத்தரணிக்குக் கொடுத்த அதிகாரப் பத்திரம்) நீதிமன்ற அனுமதியோடு எழுத்தில் இரத்துச் செய்துதான் புதியவரின் பிறொக்சியைத் தாக்கல் செய்யலாம். அடுத்த தவணைக்கு முன் இதை முடித்துவிடுங்கள்.