அப்பா கடையில் இல்லை

ஜப்பானிய மொழி என்றதும் எல்லாரும் கான்ஜி எழுத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். எனக்கு எழுத்தைவிட மரியாதைதான் தலைவலி.

வாக்கிய அமைப்பில் நமக்குச் சிரமமே இல்லை. வினை கடைசியில் வருகிறது. 'தபெதெ மிரு' என்றால் சாப்பிட்டுப் பார். 'கத்தெ ஒகு' என்றால் வாங்கி வை. மிரு என்பது பார்ப்பதுதான், ஒகு என்பது வைப்பதுதான். பர்மிய மொழியிலும் 'சாப்பிட்டுப் பார்' உண்டு என்பதால் ரங்கூன் தமிழரான எங்களுக்கு இரட்டை லாபம். போகிறேன், போகிறாய், போகிறார்கள் எல்லாவற்றுக்கும் 'இகிமஸ்' ஒன்றே போதும். ஒருவர் இருப்பதைச் சொல்லவும் அங்கே 'இரு'தான்!

இந்த 'இரு'விலேயே வம்பும் தொடங்குகிறது. பணிவாகச் சொன்னால் இமஸ். உங்கள் அப்பா இருந்தால் உயர்த்தி இரஷ்ஷாய்மஸ். என் அப்பா இருப்பதை வெளியாளிடம் சொன்னால் தாழ்த்தி ஒரிமஸ். வீட்டில் அவரை 'ஒதோசான்' என்று வாய் நிறைய அழைக்கலாம்; வெளியாரிடம் அவர் வெறும் 'சிச்சி'. (எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கு அப்பாவை அப்படிச் சொல்ல வாய் வரும்?) அலுவலகத்திலும் இதே கதை. வெளியிலிருந்து தொலைபேசியில் கேட்டால், மேலதிகாரியின் பெயரோடு வரும் 'சான்' என்ற மரியாதை ஒட்டு போய்விடும். நாமோ யாரிடம் பேசினாலும் முதலாளி 'வந்தார்' என்றுதான் சொல்வோம். நம் மரியாதை ஆளோடு ஒட்டியது. அவர்களுடையது கேட்பவரைப் பார்த்துத் திரும்புகிறது.

முதலில் எனக்கு இது பிடிக்கவில்லை. பெற்றவரைத் தாழ்த்துவது என்ன நாகரிகம்? பாடப்புத்தகங்கள் மரியாதையை மூன்றாகப் பிரிக்கின்றன. ஜப்பானின் கலாசார மன்றம் 2007இல் அதை ஐந்தாக்கியது. அதில் 'ஒரிமஸ்' தனி வகை: கேட்பவருக்குக் காட்டும் பணிவு. அப்பா தாழவில்லை, எங்கள் வீடே சேர்ந்து கேட்பவருக்கு வணக்கம் சொல்கிறது. இப்படிப் பார்த்த பிறகுதான் மனம் ஆறியது.

என்னோடு படிக்கும் பலர் முதியோர் பராமரிப்பு வேலைக்காக ஜப்பான் போக இருப்பவர்கள். சாப்பிட்டீர்களா என்று பெரியவர்களைக் கேட்க, சாதாரண 'தபெரு'வை விட்டு மரியாதையான 'மெஷியகரு'வுக்குத் தாவ அவர்கள் படும் பாடு தனி.

எங்கள் மசாலாக் கடை காளியம்மன் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. நேற்று அங்கே உட்கார்ந்து, 'சிச்சி வா இம ஒரிமசென்' என்று தொலைபேசிப் பாடத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா பொருள் கேட்டார். அப்பா இப்போது இல்லை என்று பொருள், அதிலும் உங்களுக்கு மரியாதை குறைவு என்றேன்.

"மரியாதை கிடக்கட்டும் அம்மா. ஆள் இல்லை என்று நீ கத்தினால் மல்லி வாங்க வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்."